தேயிலைச் சாயமும் உடலின் இரும்பும்

மனித உடலில் அடங்கிய பொருள்களைத் தனித்தனியே பிரித்து நிறுத்துத் தருமாறு இரசாயன அறிஞர் ஒருவரைக் கேட்டால், அவர் தரும் கணக்கு நம்மை வியப்பில் ஆழ்த்தும். பெரும்பகுதி வெறுந் தண்ணீர். எலும்பிலும் பல்லிலும் ஏறக்குறைய 1 கிலோகிராம் கல்சியம். அதற்கு அடுத்தபடியாகப் பொசுபரசு. இரும்போ 3 அல்லது 4 கிராமுக்கு மேல் இராது. ஓர் ஆணி அடிப்பதற்குத்தான் அது போதும். அயடீன் இன்னும் அற்பம். 15 முதல் 20 மில்லிகிராம் வரையில் தொண்டைச் சுரப்பியைச் சுற்றியே தங்கியிருக்கும். அதுவும் குறைந்தால் தொண்டையில் கழலை காண்கிறது. ஓயாத மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்லும் பகுதிகளில் இக்குறை மிகுதி. 1995ஆம் ஆண்டு முதல் இலங்கையில் உணவு உப்புடன் அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. அதனை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நாம் பேச எண்ணுவது இரும்பைப் பற்றி.

அதற்குக் காரணம் நாம் வாழும் இடமே. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில், புகைவண்டிப் பாதையை ஒட்டி அமைந்த றொசல்லயிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இரும்பின் கதை கொழுந்தின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது.

உடலிலுள்ள இரும்பில் மூன்றில் இரு பங்கு குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினில் உள்ளது. சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்றுத் தசைகளுக்கும் மூளைக்கும் சுமந்து செல்லும் தொழில் அதனுடையது. இரும்பு குறைந்தால் சுமப்போர் தொகை குறைகிறது. இதயம் விரைந்து துடித்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. கண்ணிமையின் உட்புறம் வெளிறும். மேட்டில் நாலடி ஏறுமுன் மூச்சு வாங்கும். பிள்ளைக்குப் பாடத்தில் மனம் செல்லாது. இதனையே குருதிச்சோகை என்கிறோம்.

பெண்கள் பாடு இதில் கடினமானது. மாதந்தோறும் குருதி இழப்பு. ஒரு கருப்பகாலத்துக்கு மட்டும் ஏறக்குறைய 1 கிராம் இரும்பு வேண்டும். தாயின் உடலிலுள்ள மொத்த இரும்போ பெரும்பாலும் 3 கிராமுக்கும் குறைவு! இலங்கையில் 15 முதல் 49 வயது வரையான பெண்களுள் மூன்றில் ஒரு பங்கினர் சோகையுடையோர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இதனோடு கொக்கிப்புழுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் இப்புழுவை எதிர்த்து 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்து கொடுத்தால் புழு விழும். மலசலகூடமும் செருப்பும் இல்லாவிடில் மறுபடியும் ஏறும்.

தோட்டங்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. அந்தப் பெண் சோம்பேறி, இந்தப் பெண்ணுக்குக் கை ஓடாது, என்று. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது பேருக்குக் குறைந்தால் கிடைக்கும் பட்டம் அது. இப்பேச்சைச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டியில் பணியாற்றிய மருத்துவப் பேராசிரியர் செனவிரத்னவும் எட்ஜர்ட்டன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்களும் ஆவர். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே அவர்கள் நடத்திய ஆய்வு 1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. இரும்பு உட்கொண்டு ஈமோகுளோபின் உயர்ந்த பெண்கள், ஒரு மாதத்தின் பின்னர், அவ்வாறு உயராத பெண்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை தாழ்ந்திருந்தவர்களிடமே முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. ஒரு பெண்ணின் நலத்தைக் கொழுந்தின் எடையால் அளப்பது நமக்கு உவப்பானதன்று. ஆயினும், சோம்பல் எனப்பட்டது குருதிக் குறையே என்பதனை அந்தத் தராசே எடுத்துரைத்தது.

இனித் தேநீருக்கு வருவோம். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை சூடான சாயம். இதில் என்ன பிழை என்று வாசகர்கள் கேட்கலாம். விடை நம் முன்னோர் கைக்கொண்ட ஒரு தொழிலில் இருக்கிறது. அன்னபேதியையும் கடுக்காய்ச் சாற்றையும் கலந்து அவர்கள் எழுதும் மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயின் துவர்ப்பு அந்த இரும்பைப் பற்றிக் கறுப்பாக்குகின்றது. தேயிலையின் துவர்ப்பும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மாணவர்கள் வினாகிரியில் ஓரிரு நாள் ஊறிய ஆணியின் நீரைச் சில துளிகள் தேநீரில் விட்டுப் பார்க்கட்டும். கோப்பை மைக்கூடாக மாறிவிடும். (பார்ப்பதோடு நிறுத்துக, குடித்தலாகாது.) இரைப்பையிலும் குடலிலும் நிகழ்வது ஏறக்குறைய இதுவே. பற்றப்பட்ட இரும்பு குருதியில் சேராது வெளியேறுகின்றது.

தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் சோற்றுணவைக் கொண்டும் பாணைக் கொண்டும் இதனை நிறுவினர். 1999இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாணுடன் தண்ணீருக்குப் பதிலாகக் கறுப்புத் தேநீர் அருந்தியபோது இரும்பு உடலில் சேர்வது நூற்றுக்கு 79 முதல் 94 வரை குறைந்தது. பால் கலந்தால் தீமை நீங்கும் என்று எண்ணுவோர் உளர். அந்த ஆய்வு அதற்கு இடங்கொடுக்கவில்லை. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றின் இரும்பே இவ்வாறு பெரிதும் கெடுகின்றது. மீன், இறைச்சி ஆகியவற்றின் குருதி சார்ந்த இரும்புக்கு அத்துணைச் சேதமில்லை. ஆனால் லயத்து அடுப்பில் மீனும் இறைச்சியும் நாள்தோறும் வேகின்றனவா?

தேயிலையை வெறுக்குமாறு நாம் சொல்லவில்லை. மலையகத்தின் குளிருக்கும் உழைப்பின் களைப்புக்கும் அதனைவிட உகந்த துணை ஏது? இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் தலசீமியா நோயாளருக்கு உணவுடன் தேநீர் அருந்துவது பயன்தரும் என்றுகூட மருத்துவர் கண்டுள்ளனர். மாற்ற வேண்டியது நேரத்தையே. உணவின் பின் ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் இடையூறு பெரிதும் குறைகின்றது என 2017இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. சோற்றோடு தேசிக்காய்ச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றில் ஒன்று சேருமாயின், அதிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பை உடலுக்குள் அழைத்துச் செல்கின்றது. பொன்னாங்காணி வறுவலில் தேசிக்காய் பிழியும் வழக்கம் நாவுக்கு மட்டும் ஏற்பட்டதன்று போலும்!

கருப்பிணித் தாய்மார்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சிகிச்சை நிலையத்தில் பெற்ற இரும்பு மாத்திரையைச் சாயத்தோடு விழுங்குவது, மையைக் காய்ச்சிக் குடிப்பதற்கு ஒப்பாகும். தண்ணீரோடு விழுங்குக. கல்சியம் மாத்திரையை வேறொரு வேளைக்கு வைத்துக்கொள்க. கல்சியம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி மாத்திரையை எறிந்துவிடுவோர் பலர். அது இரும்பின் நிறமே. குமட்டல் மிகுந்தால் மருத்துவ மாதிடம் சொன்னால் வழி காட்டுவார். மாத்திரைப் புட்டி மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மிட்டாய் என்று எண்ணிச் சிறுவர் பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மற்றுமொன்று. கருவுறாத பெண்களுக்கு 12 கிராம், கருப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராம் என்பது சோகையைத் தீர்மானிக்கும் எல்லை. ஆனால் காற்று மெலிந்த உயரமான இடங்களில் வாழ்வோர் உடல் இயல்பாகவே ஈமோகுளோபினைச் சற்று மிகுதியாக ஆக்குகின்றது. ஆதலின் 1000 முதல் 1499 மீற்றர் வரை உயரமான இடங்களில் அளந்த தொகையிலிருந்து 0.8 கிராமைக் கழித்தே முடிவுசெய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. றொசல்லயும் ஹற்றனும் அந்த உயரத்தில் உள்ளவை. சீட்டில் 12.3 என்று எழுதப்பட்ட நம்மூர்ப் பெண், கொழும்பில் 11.5 உடையவளுக்குச் சமமானவள். அடுத்த முறை குருதி சோதிக்கச் செல்லும்போது இதனை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.