தொலைவிலிருந்து திறக்கும் அஞ்சல் பெட்டி

ஓராண்டு எங்கள் மன்றத்தின் மின்னஞ்சல்கள் அத்தனையும் காணாமற்போயின. மன்றக் கணினி ‘பாப்’ முறையில் அவற்றை இறக்கிக்கொண்டு, வழங்கியிலிருந்து அழித்து வந்தது. பின்னர் அக்கணினியே பழுதானது. விழாப் பேச்சாளர்களின் பதில்களும் அதோடு போயின.

அதன்பின் அஞ்சல் வழங்கியை நான் ‘ஐமேப்’ முறைக்கு மாற்றினேன். மார்க் கிரிஸ்பின் 1986இல் வடிவமைத்த இம்முறையில் அஞ்சல்கள் வழங்கியிலேயே இருக்கும். வீட்டில் திறந்தாலும் விடுதியில் திறந்தாலும் அதே பெட்டிதான். ‘டவ்காட்’ மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் ஐமேப்பை மட்டும் அனுமதித்தேன். சான்றிதழை இணைத்து மறையாக்கத்தைக் கட்டாயமாக்கினேன்; இல்லையேல் கடவுச்சொல் வழியில் பிறர் கண்ணில் படலாம். அஞ்சல் படிக்கத் தீச்சுவரில் 993ஆம் வாயிலை மட்டும் திறந்துவிட்டேன்.

நண்பர்களே, ஒன்றை மறவாதீர்கள். பெட்டி ஒன்றே என்பதால், ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும். ஆகவே வாரந்தோறும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.