அடிக்கும் முடிக்கும் நடுவே ஒரு நாவல்

ஒரே புத்தகம்தான். படித்தவர்களில் ஒரு சாரார் அது மதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று கோபப்பட்டார்கள். இன்னொரு சாரார் கோயிலையும் பெருமாளையும் சிறுமைப்படுத்துகிறது என்று மனம் வருந்தினார்கள். தமிழில் இப்படி ஒன்று வந்ததே இல்லை என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஐம்பது பக்கம் போராடிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தவர்களும் உண்டு. இத்தனை பேரும் படித்தது ஒரே நாவலைத்தானா என்று நமக்குச் சந்தேகமே வந்துவிடும்.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வெளிவந்தது. திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஆளுக்கொரு டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் இந்தச் சண்டையைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் பேசுவதைவிட இந்த ஊரில் இதைப் பேசுவது எளிது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் கதை நடக்கும் இடம். ஹரிததுங்கா என்ற மலை, செந்நிறமாக ஓடும் சோனா என்ற நதி, அதன் கரையில் வானளாவிய கோபுரங்களோடு ஒரு கோயில் நகரம். கருவறைக்குள் மாபெரும் விஷ்ணு படுத்திருக்கிறார். யுகத்துக்கு ஒருமுறை அவர் புரண்டு படுப்பார் என்பது ஊராரின் நம்பிக்கை. நாவலின் மூன்று பகுதிகளுக்கும் பெயர் அந்த உருவத்திலிருந்தே வருகிறது: ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. காலில் தொடங்கி, மார்பில் இருக்கும் மணி வழியாக, தலைக்குப் போகிறோம். சிவனின் அடிமுடி தேடிய கதையைக் கேட்டு வளர்ந்த இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வரிசை ஒன்றும் புதிதில்லை.

இந்த வகை எழுத்தை மிகுபுனைவு என்கிறார்கள். கண்ணால் காணும் உலகத்தின் அளவுகளை வேண்டுமென்றே மீறி, தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டு, அதற்குள் மனிதர்களை நடமாட விடும் எழுத்து. நமக்கு இது பழகாத பண்டமில்லை, காப்பியங்களும் புராணங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் நாவல் என்ற வடிவம் வேறு வழியாக வந்தது. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொடங்கி நூறு ஆண்டுகளில், தமிழ் வாசகர் நல்ல நாவல் என்றால் வீடும் தெருவும் வறுமையும் பேச்சும் உள்ளபடி வருவது என்று மெல்ல மெல்லப் பழகிவிட்டார். அந்தப் பழக்கம் எத்தனையோ சிறந்த நாவல்களைக் கொடுத்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யதார்த்தத்தை மீறிய கதைகளால் அறியப்பட்ட மார்க்வெஸ் தமிழுக்கு அறிமுகமானார், தமிழவனும் கோணங்கியும் வேறு விதமாக எழுதிப் பார்த்தார்கள். ஆனாலும் பெரும்பாலான வாசகர்களுக்கு யதார்த்தம்தான் அளவுகோல். அந்த அளவுகோலோடு விஷ்ணுபுரத்துக்குள் நுழைந்தவர்கள் முதல் கோபுர வாசலிலேயே தடுமாறியதில் வியப்பில்லை.

இரண்டாவது தடுமாற்றம் காலவரிசை. முதல் பகுதி நடக்கும் காலத்துக்குப் பல தலைமுறைகள் முன்பு நடந்தது இரண்டாம் பகுதியில் வருகிறது. மூன்றாம் பகுதி எல்லாவற்றுக்கும் பின்னால், நகரம் அழியும் காலத்தில் நடக்கிறது. ஒரு பெரிய குடும்பத்துக்கு மருமகளாகப் போகும் பெண்ணை நினைத்துக்கொள்வோம். போன அன்று அவள் பார்ப்பது பங்காளிகளில் இரண்டு வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதைத்தான். காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பல மாதம் கழித்து, மதியத்தில் வெற்றிலை மெல்லும் ஒரு பாட்டி வாயிலிருந்து, தாத்தாவின் அப்பா காலத்தில் உண்மையில் நடந்தது என்ன என்பது வரும். அப்போதுதான் அவளுக்கு முதல் நாள் பார்த்தது புரியும். விஷ்ணுபுரம் நம்மை அந்த மருமகளாக வைத்தே கதை சொல்கிறது. முதல் பகுதியில் மகான்களாகவும் ஐதிகங்களாகவும் காதில் விழுந்த பெயர்கள் இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமாக, சந்தேகமும் பொறாமையும் உள்ள மனிதர்களாக எதிரே வந்து நிற்கின்றன.

இப்போது எல்லோரும் வழுக்கும் இடத்துக்கு வருகிறோம். புராணத்தின் உடையில் வரும் நாவல் புராணத்தை நம்பச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் அது. தலைப்பில் விஷ்ணு இருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம் கோயில் இருக்கிறது, அதனால் இது பக்தி நூல் அல்லது மதப் பிரச்சாரம். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆன நேரத்தில் இப்படி ஒரு தலைப்போடு வந்த புத்தகத்தைச் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்றால் அந்த அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அச்சத்தோடு நின்றுவிட்டால் நாவல் என்ன செய்கிறது என்பது கண்ணில் படாது. அது என்ன செய்கிறது என்று பார்க்க, புத்தகத்தைச் சற்று மூடிவைத்துவிட்டு இந்த ஊரின் ராஜா ஒருவரிடம் போவோம்.

அண்ணாமலையாரின் பெரிய கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தைக் கடக்காதவர் இல்லை. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் அவர் கதை வருகிறது. வல்லாளனுக்குப் பிள்ளையில்லை. சிவன் அடியார் வேடத்தில் வந்து சோதிக்கிறார். அரசன் தன் வாக்கைக் காக்க எதையும் கொடுக்கத் துணிகிறான். இளையராணி சல்லமாதேவியின் கையில் இறைவன் குழந்தையாகத் தவழ்கிறார், நானே உனக்குப் பிள்ளையாக இருந்து கடன் செய்வேன் என்று வாக்களிக்கிறார். அதனால்தான் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். சுவாமியே மகனாக இருந்து ஒரு மனிதனுக்குச் செய்யும் காரியம்.

வரலாற்றில் இவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளில் தலைநகரான துவாரசமுத்திரம் சிதைந்த பிறகு திருவண்ணாமலையிலும் இருந்து ஆட்சி செய்தவர். 1340களின் தொடக்கத்தில், முதிய வயதில், மதுரை சுல்தானின் படையோடு போரிட்டு மாண்டார். அவருடைய உடலின் தோலில் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைப் பற்றி உலகப் பயணி இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். இன்னொன்றையும் கவனிப்போம்: அவருக்கு மகன் இருந்தார். நான்காம் வல்லாளர் என்ற பெயரில் சில காலம் பட்டத்திலும் இருந்தார்.

அப்படியானால் பிள்ளையில்லாத அரசன் என்று புராணம் பொய் சொல்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடல் ஒழுங்காகச் சிதையேறாத ஓர் அரசன். அவன் ஆண்ட ஓர் ஊர். அந்தக் குறையைத் தாங்க முடியாமல் ஊர் அவனுக்கு ஒரு மகனைத் தேடிக் கொடுத்திருக்கிறது, அதுவும் தன்னிடமிருந்த மிகப் பெரியவரையே மகனாக்கிக் கொடுத்திருக்கிறது. இது என் ஊகம், ஆவணம் கிடையாது. ஆனால் மாசியில் அந்தத் திதியைப் பார்ப்பவர்கள் யாரும் ஹொய்சள வம்சாவளியைக் கேட்டு வாதாடுவதில்லை. ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி, கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைச் சேவப்ப நாயக்கர் முடித்தார் என்று விவரமாகச் சொல்லும் அதே வாய்தான் சிவன் மகனாக வந்த கதையையும் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு வகை உண்மை என்று யாரும் பாடம் நடத்தாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மனிதனின் கதை புராணமாகும் இந்த வேலையை விஷ்ணுபுரம் பெரிய அளவில், மெதுவாக, நம் கண்முன்னால் செய்து காட்டுகிறது. முதல் பகுதியில் திருவடி என்று ஒருவன் வருகிறான். சித்திரை என்ற கணிகையின் மீது கொண்ட பித்தில் நிலைகுலைந்து தெருவில் அலைகிறான். அவனுடைய வேதனையை நாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். மூன்றாம் பகுதிக்கு வரும்போது அவன் வணங்கப்படும் ஆழ்வார். அவனைச் சுற்றிக் கதைகள் வளர்ந்துவிட்டன, பித்து பக்தியாகிவிட்டது. இரண்டையும் பார்த்தவர்கள் வாசகராகிய நாம் மட்டும்தான். அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத அறிவு நமக்குக் கிடைக்கிறது. கருவறையில் கிடக்கும் உருவத்துக்கும் இதே கதைதான். வைதிகர்களுக்கு அது விஷ்ணு, மலைக்குடிகளுக்கு அது தங்கள் மூதாதை, பெருமூப்பன். இரண்டாம் பகுதியில் அஜிதன் என்ற பௌத்தன் ஞானசபை என்ற விவாத மன்றத்தில் பவதத்தர் என்ற வைதிகரோடு வாதிட்டு வெல்கிறான், நகரமே கைமாறுகிறது. வென்ற தத்துவமும் காலப்போக்கில் சடங்காக இறுகுகிறது. கடைசியில் வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோகிறது.

இதைப் பார்த்த பிறகு அந்த இரண்டு எதிர்வினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். மதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்றவரும் கோயிலை இழிவுபடுத்துகிறது என்றவரும் ஒரே இடத்தில் நின்றுதான் எதிரெதிராகப் பேசினார்கள். நாவல் புராணத்தின் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பதுதான் இருவரின் கேள்வியும். நாவலோ புராணம் எப்படி உருவாகிறது, உருவாகும்போது யாருடைய கண்ணீர் அதில் காப்பாற்றப்படுகிறது, யாருடையது துடைத்தெறியப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் பாத்திரங்களே விஷ்ணுபுரத்தைப் பற்றிக் காவியம் எழுதுகிறார்கள். கதை எழுதப்படுவதையே கதையாக்கும் இந்த முறைக்கு மீபுனைவு என்று பெயர். சங்கர்ஷணன் என்ற கவிஞன் தன் காவியத்தை அரங்கேற்ற வந்து படும் பாட்டைப் படித்தால் பெயர் தெரியாமலே விஷயம் புரிந்துவிடும்.

பாதியில் மூடிவைத்தவர்கள் வேறு வகை. அவர்கள் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வடமொழிச் சொற்கள் அடர்ந்த நடை, நினைவில் நிற்காத அளவுக்குப் பெயர்கள், கௌஸ்துபம் பகுதியில் பக்கம் பக்கமாக நீளும் தருக்கம். இவை உண்மையான சுமைகள். அந்த விவாதங்களுக்காகவே நாவலைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஒருவரை வெளியே தள்ளும் அதே பக்கம் இன்னொருவரை உள்ளே இழுக்கிறது. சோதனை முயற்சி என்றால் இது நடக்கத்தான் செய்யும். என் மதிப்பீட்டில் அந்த விவாதங்கள்தான் நூலின் முதுகெலும்பு, அவற்றைத் தாண்டிக் குதித்தால் அழிவுப் பகுதி வெறும் காட்சியாகிவிடும்.

இதே எழுத்தாளரின் ‘அறம்’ கதைகள் 2011இல் இந்த ஊரின் வம்சி பதிப்பகத்திலிருந்து வந்தபோது இப்படிப் பிளவு இருக்கவில்லை. பவா செல்லதுரை போன்ற கதைசொல்லிகள் வாய்வழியாகச் சொல்ல, புத்தகம் வாசிக்காதவர்களும் அந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறார்கள். அவை நம்மோடு வாழ்ந்த மனிதர்களை முன்வைத்து எழுதப்பட்டவை, நேராக நெஞ்சுக்கு வருகின்றன. விஷ்ணுபுரத்தை அப்படி ஒரு மாலையில் சொல்லி முடிக்க முடியாது. இருந்தும் அதன் பெயரில் கோவையை மையமாகக் கொண்டு ஓர் இலக்கிய வட்டம் உருவானது. 2010இல் எழுத்தாளர் ஆ. மாதவனில் தொடங்கி அந்த வட்டம் ஆண்டுதோறும் விருது வழங்குகிறது. மிகுபுனைவு நாவல் ஒன்றின் பெயரிலான விருதை முதலில் பெற்ற மாதவன், திருவனந்தபுரம் சாலைத் தெருவின் வாழ்க்கையை உள்ளபடி எழுதிய யதார்த்தவாதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று புதிதாக எடுப்பவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் பகுதியில் எல்லாப் பெயர்களையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். திருவடி, சித்திரை, சங்கர்ஷணன், பிங்கலன் என்று நாலைந்து பேரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். காதில் விழும் பழங்கதைகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள். இரண்டாம் பகுதியில் அஜிதன் ஞானசபைக்குள் வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.