ஒருநாள் பயணம், உங்கள் உரிமை: ஆரியசாலைக்குக் கிளம்பும் முன்

மார்கழி பிறந்தால் தென் மாவட்டங்களிலிருந்து திருவனந்தபுரம் போகும் கூட்டம் பெருகும். அரையாண்டு விடுமுறை, பத்மநாபசுவாமி தரிசனம், சாலைக் கம்போளத்தில் சாமான் வாங்குவது என்று காரணங்கள் பல. விடியற்காலையில் நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ ரயிலேறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால் யாரும் பெரிதாகத் திட்டமிடுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருநாள் பயணிக்கு நேரம் கிடையாது. கூடுதல் கட்டணம் கேட்கும் ஆட்டோக்காரரிடமும் பில் தர மறுக்கும் கடைக்காரரிடமும் நின்று வாதாட அவரால் முடியாது. மாலை வண்டியைப் பிடித்தாக வேண்டும். ஏமாற்ற நினைப்பவருக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் வெளியூரில் ஏமாந்தவர் தன் சொந்த ஊரிலேயே புகார் கொடுக்கவும் வழக்குத் தொடுக்கவும் சட்டம் வழி செய்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த உரிமையைப் பயன்படுத்த ஒன்றே ஒன்று தேவை: அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆரியசாலை ஏன் நல்ல தொடக்கம்?

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், சாலைக் கம்போளத்தை ஒட்டி இருக்கிறது ஆரியசாலை. திருவிதாங்கூர் மன்னர் தருமராஜா காலத்துத் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இந்தக் கம்போளம். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி என்பதால் மொழி தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. நவராத்திரிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகப் போகும் வேளிமலை முருகன் தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில்தான். 1956 நவம்பர் 1 வரை குமரியும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலமாக இருந்தவை. இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்து இன்றும் நிற்கவில்லை.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை போனால் பாதி ஊர் மூடியிருக்கும். நேப்பியர் அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, குதிரை மாளிகை மூன்றுக்கும் அன்றுதான் விடுமுறை. மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்கல் நாளில் ஆரியசாலையைச் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் அடுப்புகளாகவே இருக்கும். பொங்கலிட வராதவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

ஹர்த்தால் பற்றியும் விசாரியுங்கள். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆகவே முந்தைய வாரச் செய்தித்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இங்கே குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் தேவைப்படும் காலமல்ல. டிசம்பரிலும் நண்பகல் வெயில் சுடும். வடகிழக்குப் பருவமழையின் மிச்சமும் கொட்டும். 2017 நவம்பர் 30 அன்று குமரியையும் திருவனந்தபுரத்தையும் தாக்கிய ஒக்கி புயலை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். சங்குமுகத்திலும் கோவளத்திலும் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். உயிர்காவலர் விசில் ஊதினால் உடனே கரையேறுங்கள்.

ரயிலில் தெரிந்திருக்க வேண்டியவை

2024-இல் கொச்சுவேளி நிலையம் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்றும், நேமம் ‘திருவனந்தபுரம் தெற்கு’ என்றும் பெயர் மாறின. தம்பானூரில் இருப்பது ‘சென்ட்ரல்’. திரும்பும் வண்டி ‘வடக்கு’ நிலையத்திலிருந்து புறப்படுவதாக இருந்தால், கம்போளத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். டிக்கெட்டில் உள்ள நிலையப் பெயரைக் காலையிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் என்றால் அந்த வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன்பே டி.டி.ஆர். (டிக்கெட் வைப்பு ரசீது) பதிய வேண்டும். ஆன்லைன் டிக்கெட் கடைசிவரை காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்கு வரும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம் கட்ட நேரிடும். முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. 199 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு, டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும்; அதற்குள் வண்டி இல்லையென்றால் அடுத்து வரும் முதல் வண்டியில் ஏற வேண்டும். காலையில் தம்பானூரில் இறங்கியதுமே மாலைக்கான டிக்கெட்டை வாங்கி வைப்பது பயன்படாது.

தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு ஒரு செய்தி. டிக்கெட்டில் கோளாறு என்று சொல்லி இரவில் ஏதோ ஒரு சிறு நிலையத்தில் உங்களை இறக்கிவிட முடியாது. ரயில்வே சட்டத்தின் 139-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. ரயிலில் எந்த உதவிக்கும் அழைக்க வேண்டிய எண்ணும் 139 தான்.

ஆட்டோவில் ஏறும்போது

கேரளத்தில் 2022 மே முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம்: முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். நான்கு கிலோமீட்டர் போனால் 67 ரூபாய் 50 பைசா. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. கிளம்பும் முன் புதிய திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் போடச் சொல்வது உங்கள் உரிமை. மறுத்தால் சண்டை வேண்டாம். கே.எல். 01 என்று தொடங்கும் பதிவு எண்ணைப் படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வேறு வண்டி பிடியுங்கள். மோட்டார் வாகனத் துறைக்குப் புகார் அனுப்ப இந்த மூன்று விவரங்கள் போதும்.

கோயிலில்

பத்மநாபசுவாமி கோயில் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி தருகிறது. ஆண்கள் மேல்சட்டையின்றி வேட்டி கட்ட வேண்டும். பெண்கள் புடவையோ பாவாடை தாவணியோ அணிய வேண்டும். சுடிதாருக்குக் கோயிலின் செயல் அலுவலர் 2016-இல் அளித்த அனுமதியை அந்த ஆண்டு டிசம்பரிலேயே உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. எனவே சுடிதாரில் வருகிறவர்கள் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்தே ஒரு வேட்டியை எடுத்துப் போனால் வாசலில் அவசரமாக வாங்கும் செலவு மிச்சம். செல்போன், கேமரா, பை எதுவும் உள்ளே போகாது. அதிகாரபூர்வ வைப்பிடத்தில் மட்டும் ஒப்படைத்து டோக்கன் வாங்குங்கள். ‘நான் பார்த்துக்கொள்கிறேன், சீக்கிரம் தரிசனமும் வாங்கித் தருகிறேன்’ என்று வருகிறவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். ஆகவே காலையில் கோயில், பிறகு கம்போளம் என்பதே சரியான வரிசை.

கடையில்

உறையிலிட்ட எந்தப் பொருளையும் அதில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம்; ரயில் நிலையத் தண்ணீர் பாட்டிலுக்கும் இது பொருந்தும். மிளகும் ஏலமும் நிறுக்கும்போது தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தங்க நகை வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரையோடு ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால், கடையில் நிற்கும்போதே உண்மை தெரிந்துவிடும். உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது என்பதை டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராத கடையில் யு.பி.ஐ. மூலம் பணம் கொடுங்கள். கடையின் பெயர்ப் பலகையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். திருவனந்தபுரத்தில் வாங்கிய பொருளுக்குத் திருநெல்வேலியில் நீதி கேட்கலாம். வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிறிய தொகைகள் பல அந்த அளவிலேயே தீர வாய்ப்புண்டு.

பொருள் திருடுபோனாலும் இதே வசதி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். ஆன்லைன் முன்பதிவிலோ பண அனுப்பீட்டிலோ மோசடி என்றால் உடனே 1930. ஆபத்தில் இருந்தால் 112.

‘நாற்பது ரூபாய்க்காகவா இவ்வளவு அலைச்சல்?’ என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த நினைப்பை நம்பித்தான் அடுத்த பயணியிடமும் அதே நாற்பது ரூபாய் பறிக்கப்படுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு உங்களுக்குப் பத்து நிமிட வேலை. பயணம் முடிந்த மறுநாள் படங்களையும் பில்களையும் எடுத்து வைத்து அந்த அழைப்பைச் செய்துவிடுங்கள்.