தறியருகே ஒரு குழந்தை: குழந்தைப்பருவ ஒளிப்படங்களில் காட்சிக்கூறுகள்

ஒளிப்படம் ஒன்றில் சொற்களின் துணையின்றிப் பொருள் உணர்த்தும் அளவு, கோணம், கோடு, ஒளி, நிறம், பார்வை, சட்டகம் முதலியவை காட்சிக்கூறுகள் எனப்படும். வாக்கியத்தில் சொற்களின் வரிசை மாறினால் அழுத்தம் மாறுவதுபோல, படத்தில் இக்கூறுகள் மாறினால் பொருள் மாறும். குழந்தைகளைக் காட்டும் படங்களில் இம்மாற்றம் மிகப் பெரியது. ஒரே குழந்தையை ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று 'பரம்பரைக் கைத்திறன்' என்றும், மற்றொன்று 'பறிபோன பள்ளிக்காலம்' என்றும் பொருள்படக்கூடும். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் எடுக்கப்படும் தறிப் படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

பின்னணி

காஞ்சிபுரம் பட்டுச்சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, இரண்டையும் கோர்வை முறையில் இணைத்து நெய்வர். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரே இதை விரைவாகச் செய்ய இயலாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் அருகில் அமர வேண்டும். நீண்ட காலமாக அந்த இடத்தில் அமர்ந்தவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் குழந்தைகள் வேலையில் கட்டுண்டிருந்த நிலையை அது விவரித்தது. கொத்தடிமை முறையோ 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. எனவே தறியருகே அமர்ந்த குழந்தையின் படம் வெறும் அழகுப் படம் அன்று. அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில் ஒரு குழந்தையின் நிலைமையே அடங்கியிருக்கிறது.

முன்னோடி: லூயிஸ் ஹைன்

வேலை செய்யும் குழந்தைகளின் படங்களுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று அமெரிக்கரான லூயிஸ் ஹைனைக் கூறலாம். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் ஒளிப்படக் கலைஞராகப் பணியேற்றார். பஞ்சாலைகள், சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் எனப் பல இடங்களில் படமெடுத்தார். அனுமதி கிடைக்காத இடங்களில் வேறு ஆளாகத் தன்னைக் காட்டிக்கொண்டு நுழைந்தார். தன் மேலங்கிப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, அவற்றோடு ஒப்பிட்டுக் குழந்தையின் உயரத்தைக் கணித்தார்.

தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பர் 30 அன்று அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. பின்னோக்கி நீண்டு செல்லும் நூற்பு இயந்திர வரிசையின் அருகே ஒரு சிறுமி நிற்கிறாள். அவளுடைய உயரம் 48 அங்குலம் என்றும், அரை ஆண்டாக வேலை செய்கிறாள் என்றும் ஹைனின் குறிப்பு கூறுகிறது. படம் அவள் எவ்வளவு சிறியவள் என்பதைக் காட்டுகிறது. குறிப்பு அதை மறுக்க முடியாத சான்றாக்குகிறது. இத்தகைய படங்கள் எழுப்பிய பொதுக்கருத்து, அமெரிக்காவில் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குத் துணைநின்றது. எனினும் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918-இல் செல்லாது என்றது. நிலையான கூட்டாட்சிச் சட்டம் 1938-இல்தான் வந்தது. படம் மனத்தை அசைக்கும். சட்டத்தை மாற்ற அதன்பின் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருக்கும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

காட்சிக்கூறுகளும் அவற்றின் பொருளும்

அளவு: குழந்தையின் சிறுமையை உணர்த்த அருகில் பெரிய பொருள் ஒன்று வேண்டும். ஹைனின் படத்தில் அது இயந்திரம். காஞ்சிபுரத்தின் குழித்தறியில் நிலைமை வேறு. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார். பக்கத்தில் குழந்தை அமர்ந்தால், நிற்கும்போது தெரியும் உயர வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும். ஆகவே இப்படங்களில் வயதை அறிய உள்ளங்கைக்கும் நாடாவுக்கும் உள்ள ஒப்பீட்டையும், இருவரின் தோள்மட்டத்தையும் கவனிக்க வேண்டும்.

கோணம்: நின்றபடி எடுத்தால் குழந்தை கீழே, பார்ப்பவர் மேலே. இது இரக்கத்தைத் தூண்டும். ஆனால் குழந்தையைச் சிறுமைப்படுத்தவும் கூடும். கேமராவைத் தரையருகே இறக்கிக் குழந்தையின் கண்மட்டத்தில் எடுத்தால், பார்ப்பவர் அதன் இடத்தில் அமர்ந்து தறியைப் பார்ப்பார். வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருடசேவையில் தந்தையின் தோள்மீது அமர்ந்த குழந்தையை எண்ணிப் பாருங்கள். கீழிருந்து எடுக்கும் அப்படத்தில் குழந்தை கூட்டத்துக்கு மேலே உயர்ந்து, வானம் பின்புலமாகத் தெரியும். மேலிருந்து எடுத்த தறிப் படத்தில் பின்புலம் தரையும் குழியும் ஆகும். ஊர் ஒன்றே, கோணம் இரண்டு குழந்தைப்பருவங்களைக் காட்டிவிடுகிறது.

கோடும் சட்டகமும்: பட்டுப் பாவின் நூறு நூறு இழைகள் கண்ணைத் தம் வழியே இழுத்துச் செல்லும் கோடுகள். அவை குழந்தையை நோக்கி வந்து முடிந்தால் குழந்தையே படத்தின் மையம். குழந்தைக்கும் கேமராவுக்கும் இடையே இழைகள் குறுக்கே ஓடினால் கம்பிகளுக்குப் பின்னால் அடைபட்ட உணர்வு தோன்றும். சட்டகத்தின் விளிம்பு எதை வெட்டுகிறது என்பதும் முக்கியம். அருகிலுள்ள நெசவாளரை வெட்டிவிட்டால் குழந்தை தனியாள் ஆகிறது. அவரைச் சேர்த்துக்கொண்டால் அது தந்தையும் பிள்ளையுமா, கூலி கொடுப்பவரும் வாங்குபவருமா என்ற கேள்வி எழுகிறது.

ஒளி: கூடத்தின் மங்கலான இருட்டில் தறிக்கு மேல் எரியும் ஒற்றை விளக்கு, நீண்ட வேலை நேரத்தை நினைவூட்டும். சன்னல் வழியாகச் சாய்ந்து வரும் வெயில் அதே கூடத்தை ஓவியம்போல் ஆக்கிவிடும். ஒளி நேரத்தையும் காட்டும். நண்பகல் வெயில் தெரியும் வேலைநாள் படத்தில் குழந்தை ஏன் பள்ளியில் இல்லை என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

நிறமும் குவியமும்: அரக்குச் சிவப்பும் ஜரிகையும் கண்ணைத் தம்பால் ஈர்ப்பவை. சேலையின் மேல் குவியத்தை வைத்துக் குழந்தையை மங்கலாக விட்டால், குழந்தை சேலைக்கு அலங்காரம் ஆகிவிடும். குவியம் குழந்தையின் விரல்களில் இருந்தால் சேலையின் விலை வேறொரு பொருளில் தெரியத் தொடங்கும்.

பார்வை: கேமராவை நேராகப் பார்க்கும் குழந்தை நம்மிடம் எதையோ கேட்பதுபோல் தோன்றும். நாடாவையே பார்க்கும் குழந்தை வேலையில் ஆழ்ந்திருப்பதைக் காட்டும். சிரிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. புதியவர் ஒருவர் படமெடுக்கும்போது எந்தக் குழந்தையும் சிரிக்கும்.

சிறு பொருள்கள்: சுவரில் தொங்கும் புத்தகப்பை, பள்ளிச் சீருடை, கடிகாரம், நாட்காட்டி ஆகியவை படத்துக்குள்ளேயே அமைந்த குறிப்புகள். முதல் பார்வையில் கண்ணில் படாத இவை, இரண்டாம் பார்வையில் படத்தின் பொருளையே மாற்றக்கூடும்.

படம் காட்டாதது

காட்சிக்கூறுகளுக்கும் எல்லை உண்டு. முன்பணக் கடனைப் படம் பிடிக்க முடியாது. தறி யாருடையது, குழந்தை எத்தனை மணிக்கு அமர்ந்தது, நேற்றும் வந்ததா என்பவையும் படத்தில் தெரியாது. சட்டத்தின் பார்வையிலோ இவையே முக்கியம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தத் தடை விதிக்கிறது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. அபாயகரமானவை எனப் பட்டியலிடப்பட்ட வேலைகளுக்கு அந்த விலக்கும் இல்லை.

ஆகவே ஆண்டு, இடம், நேரம், சூழல் ஆகியவற்றைச் சொல்லும் படவிளக்கம் படத்தின் ஒரு பகுதியே ஆகும். ஆண்டு குறிக்காத பழைய படம் இன்றைய ஊரின்மேல் பழி போடும். ஆண்டு குறிக்காத இன்றைய படமோ 'அது அந்தக் காலம்' என்று தள்ளப்பட்டுவிடும்.

முகத்தைக் காட்டாமல் பொருள் உணர்த்துதல்

சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலை செய்யும் குழந்தையும் இவ்வகையில் அடங்கும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதனால் படத்தின் ஆற்றல் குறைந்துவிடாது. நாடாவைப் பிடித்த கை, குனிந்த முதுகு, பாவில் விழுந்த நிழல் ஆகியவை முகத்தைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவை. முகத்தை மறைப்பதால் அக்குழந்தை நாளை தன் ஊரிலும் பள்ளியிலும் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

வகுப்பறையில் படித்துக் காட்டும் முறை

குழந்தைப்பருவப் படம் ஒன்றை மாணவருக்கு விளக்கும்போது பின்வரும் வரிசை பயன்படும்.

1. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பட்டியலிடுக. 'பாவம்', 'அழகு' போன்ற சொற்களை இப்போது தவிர்க்க.
2. கேமரா எந்த உயரத்தில், யாருடைய இடத்தில் இருந்தது என்று கூறுக.
3. படத்தின் ஒரு பகுதியைத் தாளால் மறைத்துப் பார்த்து, பொருள் எப்படி மாறுகிறது என்று கவனிக்க.
4. படவிளக்கத்தை மறைத்தும் காட்டியும் ஒப்பிடுக.
5. சட்டகத்துக்கு வெளியே இருப்பவை எவை என்று கேட்க.
6. படத்திலுள்ள குழந்தை வளர்ந்தபின் இதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்க.

முதல் ஐந்தும் படத்தைப் படிக்கக் கற்றுத்தரும். ஆறாவது, படத்திலிருப்பது ஒரு கருப்பொருள் அன்று, ஒரு குழந்தை என்பதை நினைவில் நிறுத்தும்.