கரிக்ககத்தம்மன் நடையில் தீரும் கணக்கு

திருவனந்தபுரம், சாலைக் கடைத்தெருவில் பாதி வியாபாரம் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்களுக்குள் சீட்டு எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு. பத்து மூட்டை மல்லி கைமாறும். மாதக் கடைசியில் கொடுத்தவர் பத்து என்பார், வாங்கியவர் எட்டு என்பார். வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் பீஸும் வாய்தாவும் அந்த இரண்டு மூட்டையையும் தின்றுவிடும். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "கரிக்ககத்தில் வந்து சத்தியம் பண்ணுவீரா?"

கரிக்ககம் சாமுண்டி கோவில் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பார்வதி புத்தனாறு ஓடும் பகுதியில் இருக்கிறது. அங்கே அம்மனுக்கு மூன்று நிலை: சாமுண்டி, ரத்த சாமுண்டி, பால சாமுண்டி. சத்தியத்துக்கு உரியது ரத்த சாமுண்டி நடை. மன்னராட்சிக் காலத்தில் திருட்டு, ஏமாற்று வழக்குகளில் உண்மை தெரிய வேண்டுமானால் 21 பணம் கட்டி இந்த நடையில் பிரமாணம் செய்யச் சொல்வார்களாம். அன்றைய திருவிதாங்கூர்க் கணக்கில் 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக 3 ரூபாய். அந்நாளில் அது சின்னத் தொகை அல்ல.

இதைவிடக் கடுமையான முறையும் இந்த ராஜ்யத்தில் இருந்தது. சுசீந்திரம் கோவிலில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. கைமுக்கு என்று அதற்குப் பெயர். சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829 - 1846) அதை நிறுத்தினார். நல்ல காரியம். நெய்க்கு நியாயம் தெரியாது, சூடுதான் தெரியும்.

சத்தியம் வேறு வகை. அதில் உடம்புக்குச் சேதமில்லை. சத்தியம் செய்தவரைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. வெள்ளைக்காரன் சட்டமே இதை ஒப்புக்கொண்டது. 1873-ஆம் வருட இந்தியப் பிரமாணச் சட்டப்படி, "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு கட்சிக்காரர் சொல்லி, எதிராளியும் சம்மதித்துச் செய்துவிட்டால், அந்தச் சாட்சியமே முடிவு; சொன்னவர் பின்னால் மறுக்க முடியாது. 1969-ல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டது.

சட்டம் விட்டாலும் ஜனங்கள் விடவில்லை. கோவிலுக்குப் புறப்படும் முன்பே, "சரி, ஒன்பது மூட்டை என்று வைத்துக்கொள்வோம்" என்று ராஜியாகிறவர்களும் உண்டு. கடைக்காரர் பணக்காரரா, தெரிந்தவரா என்று அம்மன் பார்க்க மாட்டாள் என்ற பயம் இருவருக்கும் பொது. மத்தியஸ்தர் என்றால் யாருக்காவது அவர் மாமன் மச்சானாக இருப்பார்.

ஆனால் ஒன்று. கல்லாவில் பணம் குறைந்தால் முதலாளி கடைப் பையனைத்தான் சத்தியத்துக்கு இழுக்கிறார். தன் மகனை இழுப்பதில்லை. தெய்வம் நடுநிலையாக இருக்கலாம், கூட்டிக்கொண்டு போகிறவர் அப்படி இருக்க வேண்டுமே! பயந்த பையன் நடையில் நின்று தடுமாறினால் அது குற்றத்துக்குச் சாட்சியாகாது. ஊரில் தாயார் இருக்கிறாள், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மெய் சொல்கிறவனும் சத்தியத்துக்கு அஞ்சுவான்.

கோர்ட்டும் வேண்டாம், கோவிலும் வேண்டாம் என்பவர்களுக்கு லோக் அதாலத் இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி அங்கே இருவரும் ஒப்பி முடித்த தீர்ப்பு சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. நிலுவை வழக்கை அங்கே ராஜி செய்துகொண்டால் கட்டிய கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும்.

எந்த வழியில் போனாலும் சரக்குப் பாக்கிக்காரர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. கோர்ட்டில் அந்தப் பாக்கியைக் கேட்க மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். நடையில் வாயால் சொன்ன சத்தியம் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது.