உஸ்ஸங்கொட செர்பென்டைன் பொட்டலின் காட்டுப்பூக்கள்

உஸ்ஸங்கொட என்பது இலங்கையின் தென் கரையில், அம்பாந்தோட்டை மாவட்டத்தில், தங்காலைக்கும் அம்பலாந்தோட்டைக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலம் ஆகும். இதன் அடியில் இருப்பது செர்பென்டைன் வகைப் பாறை. அதனால் மேட்டின் பெரும்பகுதியில் மரங்கள் வளர்வதில்லை. விரல் உயரமே உள்ள பூச்செடிகளும் கோரைகளும் புற்களும் மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்துள்ளன. சுமார் 349 எக்டேர் பரப்புள்ள இப்பகுதி 2010 மே 6 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இலங்கையின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதை நிர்வகிக்கிறது.

இங்குப் பூக்கும் செடிகளில் பல, தமிழ்நாட்டிலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் வரப்போரத்தில் காணப்படும் எளிய செடிகளே. ஆனால் பெரும்பாலான தாவரங்களுக்கு நஞ்சாகும் மண்ணில் வாழ்வதும், அம்மண்ணிலுள்ள நிக்கல் உலோகத்தைத் தம் இலைகளில் சேர்த்து வைப்பதும் இவற்றைத் தாவரவியலில் முக்கியமானவையாக ஆக்கியுள்ளன.

பாறையும் பெயரும்

புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பகுதியின் பாறைகளில் இரும்பும் மக்னீசியமும் மிகுதி, சிலிக்கா குறைவு. இவற்றை அதிமாஃபிக் பாறைகள் என்பர். இவை மேலெழும்பி நீருடன் வேதிவினை புரியும்போது ஆலிவின் முதலிய கனிமங்கள் செர்பென்டைன் கனிமங்களாக மாறுகின்றன. உடைத்த பாறையில் பச்சைத் திட்டுகள் பாம்பின் தோலைப் போலப் பளபளப்பதால், பாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

இலங்கையின் நிலவியல் அமைப்பில் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என இரு பெரும் பாறைத் தொகுதிகள் உண்டு. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே நாட்டின் செர்பென்டைன் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் கடலோரத்தில் அமைந்தது உஸ்ஸங்கொட. தமிழ்நாட்டில் சேலத்தை அடுத்து மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் குன்றுகளும் அதிமாஃபிக் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பாறை பச்சையாக இருக்க மண் ஏன் சிவப்பாக உள்ளது என்ற ஐயம் எழலாம். பாறையிலுள்ள இரும்பு, மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் சிதைந்து ஆக்சிஜனுடன் சேர்ந்து இரும்பு ஆக்சைடாகிறது. துருவின் நிறமும் இம்மண்ணின் நிறமும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

மக்களின் நம்பிக்கைகள்

இந்த நிலம் சிவந்தும் மரமற்றும் இருப்பதற்கு மக்கள் தமக்குரிய காரணங்களைச் சொல்லி வந்துள்ளனர். இராவணனின் வான ஊர்தி வந்திறங்கிய இடம் இது என்பது ஒரு கதை. அனுமன் இலங்கைக்கு வைத்த தீயில் வெந்த மண் என்பது மற்றொன்று. விண்கல் விழுந்து கருகிய நிலம் என்று நம்புவோரும் உண்டு. மரங்கள் வளராததற்கும் மண்ணின் சிவப்புக்கும் பாறையின் வேதியியலே போதிய விளக்கம் தருகிறது. எனினும், சுற்றியுள்ள நிலத்திலிருந்து இது வேறுபட்டது என்பதை மக்கள் பன்னெடுங்காலமாகக் கவனித்து வந்ததற்கு இக்கதைகள் சான்று.

மண்ணின் குறைகள்

செர்பென்டைன் மண்ணில் தாவரங்களுக்கு ஏற்படும் இடர்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. கால்சியம் குறைவு, மக்னீசியம் மிகுதி. வளமான மண்ணில் கால்சியமே மேலோங்கி இருக்கும். இங்கு அது தலைகீழாகிறது. வேர் கால்சியத்தைத் தேட, மக்னீசியம் முந்திக்கொண்டு நுழைகிறது.

2. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் பற்றாக்குறை.

3. நிக்கல், குரோமியம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் மிகுதி. சாதாரண மண்ணில் ஒரு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும் நிக்கல், செர்பென்டைன் மண்ணில் 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கம்.

4. மண் ஆழமற்றது. நீர் தங்காது. வெயிலில் விரைவில் சூடேறும்.

இவை தனித்தனியாக அன்றி ஒன்றுசேர்ந்தே தாவரத்தைத் தாக்குகின்றன. மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1980இல் இத்தொகுப்பைச் 'செர்பென்டைன் நோய்த்தொகுதி' என்று அழைத்தார். உஸ்ஸங்கொடவில் இவற்றோடு உப்புக் கலந்த கடற்காற்றும், உலர் வலயத்தின் நீண்ட வறட்சியும் சேர்ந்துகொள்கின்றன.

முக்கியப் பூக்கள்

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பொட்டல் பச்சை கட்டுகிறது. நின்றபடி பார்ப்பவருக்கு வெறும் செம்மண்ணே தெரியும். குனிந்து பார்த்தால்தான் பூக்கள் கண்ணில் படும்.

விஷ்ணுகிராந்தி: இதன் தாவரவியல் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டிஸ். தாளிக்கொடியும் சர்க்கரைவள்ளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. மென்மயிர் போர்த்த மெல்லிய தண்டுகள் வேரிலிருந்து நாற்புறமும் தரையில் படரும். பூ ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியது. தெளிந்த நீல நிறம். காலையில் மலர்ந்து நண்பகலுக்குப் பின் மூடிக்கொள்ளும். விஷ்ணுகரந்தை என்ற பெயரும் உண்டு. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குரிய மூலிகையாக வழங்குகிறது. கேரளத்தின் தசபுஷ்பங்கள் எனப்படும் பத்துப் பூக்களில் இதுவும் ஒன்று.

ஓரிதழ்த்தாமரை: தாவரவியல் பெயர் ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ். பெயரில் தாமரை இருந்தாலும் இது வயலெட் குடும்பத்துச் சிறு செடி. பூவுக்கு ஐந்து இதழ்கள் உண்டு. அவற்றுள் நான்கு மிகச் சிறியவை. கீழிதழ் மட்டும் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் அகன்று விரிந்திருக்கும். பார்ப்பவருக்கு ஒரே இதழாகத் தோன்றுவதால் தமிழ்ப் பெயர் அமைந்தது. என்னியாஸ்பெர்மஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் 'ஒன்பது விதைகள் உடையது' என்று பொருள்.

கிலுகிலுப்பை: இங்குள்ள இனம் குரோட்டலேரியா பைஃப்ளோரா. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிறப் பூக்கள் இரண்டிரண்டாகப் பூப்பதைப் பைஃப்ளோரா என்ற பெயர் குறிக்கிறது. முற்றிய காய்க்குள் விதைகள் உருண்டு ஒலி எழுப்புவதால் இப்பேரினத்துச் செடிகளைத் தமிழர் கிலுகிலுப்பை என்கின்றனர்.

இவற்றிற்கிடையே ஃபிம்பிரிஸ்டைலிஸ் பேரினத்துக் கோரைகள் சிறு கொத்துகளாக வளர்ந்து மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. செர்பென்டைன் மண் முடியும் ஓரங்களில் முட்புதர்க்காடு தொடங்குகிறது. பொட்டலும் புதர்க்காடும் சந்திக்கும் எல்லை பல இடங்களில் கோடு கிழித்தாற்போல் தெளிவாக இருக்கும்.

நிக்கலைச் சேர்த்து வைக்கும் இலைகள்

செர்பென்டைன் மண்ணில் வளரும் செடிகளில் பெரும்பாலானவை நிக்கலை வேரிலேயே தடுத்து நிறுத்துகின்றன. மிகச் சிலவே அதை மேலேற்றி இலையில் சேர்க்கின்றன. ஒரு கிலோ உலர்ந்த இலையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அச்செடியை மீச்சேர்ப்புத் தாவரம் என்பர். சாதாரணச் செடிகளில் இந்த அளவு சில மில்லிகிராமே.

இத்தாலியின் டஸ்கனியில் வளரும் அலிசம் பெர்டோலோனி என்ற செடியில் இவ்வியல்பு 1948இல் வெளிப்பட்டது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் பிக்னான்ட்ரா அக்குமினேட்டா மரத்தைப் பற்றி 1976இல் வந்த ஆய்வு உலகை வியக்க வைத்தது. அம்மரத்தைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அதை உலர்த்தினால் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிக்கலே.

இலங்கையின் செர்பென்டைன் தாவரங்களைப் பற்றி நிஷாந்த ராஜகருணாவும் புரூஸ் போமும் 2002இல் ஒரு முன்னோடிக் கட்டுரை வெளியிட்டனர். விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்த்தாமரை, குரோட்டலேரியா பைஃப்ளோரா ஆகிய மூன்றும் செர்பென்டைன் மண்ணில் வளரும்போது நிக்கல் மீச்சேர்ப்புத் தாவரங்களாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

மீச்சேர்ப்புத் தாவரங்கள் தம் நஞ்சால் தாமே இறப்பதில்லை. அவை நிக்கலைச் சிட்ரேட், மாலேட் போன்ற கரிம அமிலங்களுடன் பிணைத்து, பெரும்பாலும் இலையின் மேல்தோல் செல்களிலுள்ள வாக்குவோல் என்னும் நுண்குமிழிகளில் அடைத்துவிடுகின்றன. ஒளிச்சேர்க்கை நடக்கும் பகுதி இதனால் காப்பாற்றப்படுகிறது. சேர்த்த நிக்கலால் செடிக்குப் பயனும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்ட்ரெப்டாந்தஸ் பாலிகலாய்டிஸ் என்ற செடியில் நடந்த சோதனைகளில், நிக்கல் மிகுந்த இலையைத் தின்ற கம்பளிப்புழுக்கள் இறந்தன. முள்ளுக்குப் பதிலாக உலோகமே அச்செடிக்கு வேலியாகிறது.

அரிய இனமா, அரிய இயல்பா?

நியூ கலிடோனியா, கியூபா போன்ற இடங்களின் செர்பென்டைன் நிலங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உஸ்ஸங்கொடவின் நிலை வேறு. இங்குள்ளவை பிற மண்ணிலும் வளரும் இனங்களே. 'எங்கும் கிடைக்கும் விஷ்ணுகிராந்திக்கு ஒரு தேசியப் பூங்கா தேவையா?' என்ற கேள்வி இதனால் எழுகிறது.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் குருக்கெபெர்க் 1951இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. ஒரே இனத்தின் விதைகளைச் செர்பென்டைன் நிலத்திலிருந்தும் சாதாரண நிலத்திலிருந்தும் எடுத்து, இரண்டையும் செர்பென்டைன் மண்ணில் வளர்த்தார். பல இனங்களில் முன்னவை நன்கு வளர, பின்னவை தேங்கி நலிந்தன. பெயர் ஒன்றானாலும் பரம்பரை இயல்பு ஒன்றல்ல என்பது இதனால் விளங்கியது. எனவே, ஓர் இனம் வேறிடத்தில் மிகுதியாக உள்ளது என்பதற்காக, செர்பென்டைன் நிலத்தில் அது அழிந்தால் இழப்பில்லை என்று கொள்ள முடியாது. இனப் பட்டியலில் ஒரு பெயரும் குறையாமலே ஓர் அரிய திறன் மறைந்துவிடக்கூடும். உலோகம் கலந்து கெட்ட நிலங்களைச் செடிகளைக் கொண்டு சீராக்கவும், செடிகளின் சாம்பலிலிருந்து நிக்கலைப் பிரித்தெடுக்கவும் முயற்சிகள் நடந்துவரும் காலத்தில் இத்திறனின் மதிப்பு பெரிது.

மூலிகையாகப் பறிப்பதில் உள்ள ஆபத்து

விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்த்தாமரையும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் மூலிகைகள். செடியை அடையாளம் கண்டால் போதும், எந்த மண்ணில் வளர்ந்தது என்று பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இங்கு தவறாகும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நிக்கல் உள்ள உலர்ந்த செடியில் 5 கிராம் எடுத்தால் அதில் 5 மில்லிகிராம் நிக்கல் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 0.78 மில்லிகிராம். ஆகவே அந்த 5 கிராம் பொடியிலேயே வரம்பைப் போல ஆறு மடங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. கஷாயத்தில் முழுவதும் இறங்காது எனினும், பொடியாக உண்பவருக்கு முழு அளவும் உள்ளே செல்லும். மூலிகைகளில் வழக்கமாகச் சோதிக்கப்படும் கன உலோகங்கள் காரீயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் ஆகிய நான்கு. நிக்கல் அவற்றுள் இல்லை.

சாதாரண மண்ணில் வளர்ந்த செடிகளுக்கு இந்த அச்சம் பொருந்தாது. செர்பென்டைன் நிலத்துச் செடிகளை மருந்துக்குப் பறிக்கலாகாது என்பதே இதன் பொருள். தேசியப் பூங்காவில் செடிகளைப் பறிப்பது சட்டப்படியும் குற்றமாகும்.

பாதுகாப்பு

பொட்டல் நிலத்தைக் கண்டதும் மரம் நடலாம், எரு இடலாம் என்று தோன்றுவது இயல்பு. செர்பென்டைன் நிலத்திற்கு இவ்விரண்டும் தீங்கு. மண்ணின் வறுமையே இப்பூக்களுக்குக் காவல். வேகமாக வளரும் களைகள் உள்ளே நுழையாமல் அது தடுக்கிறது. சத்து கூடினால் காவல் தளர்ந்துவிடும். கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாகனப் புகையிலிருந்து படிந்த நைட்ரஜனே எருவாகி, அயல்நாட்டுப் புற்கள் செர்பென்டைன் புல்வெளிகளில் பரவிப் பூச்செடிகளை நெருக்கியதை ஸ்டூவர்ட் வைஸ் 1999இல் எடுத்துக்காட்டினார். மேரிலாந்து மாநிலத்தின் சோல்ஜர்ஸ் டிலைட் என்ற செர்பென்டைன் காப்பகத்தில், பரவிவிட்ட பைன் மரங்களை வெட்டியும் கட்டுப்படுத்திய தீ மூட்டியும் பூக்களுக்கு இடம் மீட்கப்படுகிறது.

அம்பாந்தோட்டை மாவட்டத்திலேயே உள்ள புந்தல தேசியப் பூங்காவில் சீமைக்கருவேலும் சப்பாத்திக்கள்ளியும் பரவிப் பெரும் தொல்லையாக உள்ளன. உஸ்ஸங்கொடவுக்கு அருகே இத்தகைய செடிகள் வரும்போதே களைவது எளிது.

அடுத்த இடர் மனிதக் காலடி. செடிகள் விரல் உயரமே இருப்பதாலும், நிலம் வெறுமையாகத் தெரிவதாலும், பூவை மிதிக்கிறோம் என்பது நடப்பவருக்குத் தெரிவதில்லை. சத்தற்ற மண்ணில் செடிகள் மெல்லவே வளர்வதால், ஒருமுறை சிதைந்த இடம் மீள நெடுநாளாகும். பாதையை விட்டு விலகாமல் நடப்பதும், வாகனங்களை மேட்டில் ஏற்றாமல் இருப்பதும், செம்மண்ணை அள்ளாமல் இருப்பதும் பார்வையாளர்கள் இந்நிலத்திற்குச் செய்யக்கூடிய நன்மைகள். பூக்களைக் காண மழைக்குப் பிந்திய மாதங்களின் காலை வேளை ஏற்றது. நண்பகலுக்குப் பின் விஷ்ணுகிராந்தி மூடிவிடும்.