இயந்திரத்தின் தட்டலும் ஈயமும்

மோட்டார் வண்டியின் சிலிண்டருக்குள் நிகழ்வது யாதெனின், பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து நெருக்க, மின்பொறி அதனைப் பற்றவைக்க, எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுதலேயாம். கலவையை எவ்வளவு மிகுதியாக நெருக்குகின்றோமோ, அவ்வளவு மிகுதியான வேலையை அதே பெட்ரோலினின்று பெறலாம்.

அங்ஙனமாயின், 1908-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு வெளியிட்ட டி மாடல் வண்டியில், ஏறக்குறைய 3 லிட்டர் கொள்ளளவிருந்தும் 20 குதிரைச் சக்தியே கிடைத்ததேன்? கலவையை அதன் பருமனில் நாலரையிலொரு பங்காக மட்டுமே நெருக்கியமை காரணங்களுள் ஒன்று. மேலும் நெருக்கத் துணிந்தாரில்லை. ஏனெனில், நெருக்குண்ட வாயு சூடேறும். பொறியிற் பிறந்த சுடர் ஒருபுறமிருந்து பரவி வருகையில், எதிர்மூலையில் எஞ்சிய கலவை பின்னும் நெருக்குண்டு, சுடர் வந்து தீண்டுமுன்னரே தானாக ஒருங்கு வெடிக்கும். சம்மட்டி கொண்டு அடித்தாற்போல் ஓசை எழும். பிஸ்டன் உடைதலுங் கூடும். ஆங்கிலத்தில் 'நாக்' என வழங்கும் இதனைத் தட்டல் என்போமாக. (கலைச்சொல் ஆக்கும் ஆசை தமிழ் மாணாக்கனை விடுவதில்லை, பொறுத்தருள்க.)

தட்டலைத் தணிக்க அறையின் வடிவைத் திருத்தினோர் உளர். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்பார், மலிவு கருதிப் பலரும் அமைத்த பக்கவால்வு இயந்திரங்களிற் சிலிண்டர்த் தலையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, கலவை சுழன்று விரைந்து எரியச் செய்தார். செலவு மிகாமலே நெருக்கம் சிறிது கூடிற்று. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுவே.

அமெரிக்காவிலோ எரிபொருளைத் திருத்த முயன்றனர். சாராயம் கலப்பின் தட்டல் தணியுமென்பது தெரிந்ததே. ஆயினும் அதனை நிரம்பக் கலக்கவேண்டும். 1921 டிசம்பர் 9-ஆம் நாள், ஜெனரல் மோட்டார்ஸின் டேட்டன் நகர ஆய்வுச்சாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பார், டெட்ரா எதில் ஈயம் என்னும் திரவத்தில் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைவானதே போதுமெனக் கண்டார். சாராயத்திற்குத் தனியுரிமை பெற இயலாது, இதற்கு இயலும். துலாக்கோலில் இவ்வேற்றுமையும் ஏறியிருக்குமென்றே எண்ணுகின்றேன்.

ஈயம் நஞ்சென்பது அன்று எவரும் அறியாததன்று. 1923 பிப்ரவரியில் விற்பனை தொடங்கிற்று. 1924 அக்டோபரில், நியூஜெர்சியின் பேவே ஆலையில் அத்திரவத்தைச் செய்த தொழிலாளருள் ஐவர் சித்தங்கலங்கி மாண்டனர். 1925-இல் நிறுத்தப்பட்ட விற்பனை அடுத்த ஆண்டே மீண்டது. இயந்திரங்களின் நெருக்கம் படிப்படியாக உயர்ந்தது. புகையோடு போந்த ஈயம் தெருவோரக் குழந்தைகளின் குருதியிற் சேர்ந்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலை நீக்கிற்று. வண்டிகளுக்கு அதனை விற்ற நாடுகளுள் இறுதியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்திற்று. இன்று நம் நாட்டுப் பெட்ரோலிற் கலக்கப்படுவது, அன்று ஒதுக்கப்பட்ட அச்சாராயமே.